குதிரைக் காலண்டரில் அப்பாவின் தூக்கம்

மலாக்காவை அடுத்த பத்து பெரண்டாமில் நாங்கள் குடியிருந்த லோரோங்கில், அதாவது சந்தில், இருபத்திரண்டு வீடுகள். அதில் பதினேழு வீட்டுக்காரர்கள், எங்கள் அப்பா எத்தனை மணிக்குக் கண்விழித்தார் என்பதை வைத்து நான்கு இலக்க லாட்டரி நம்பர் எடுத்தார்கள். அந்தப் பதினேழு வீட்டுக்காரர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்ன செய்வது.

முதலில் அப்பாவின் தூக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடத்தில் முக்கால்வாசி நாள் எல்லாரையும்போல் பத்து மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவார். திடீரென்று ஒரு நாள் மூன்று மணிக்கு எழுந்து உட்காருவார். மறுநாள் இரண்டரை. அதற்கு மறுநாள் இரண்டு. களைப்பே இருக்காது. கண் பளபளக்கும், பேச்சு கூடும், யோசனை கூடும், வீட்டுக்குள் பெயிண்ட் டின் வரும். ஒருமுறை எங்கள் வீட்டு கேட்டுக்கு நீலம் அடித்து முடித்தவர், மிச்சம் வீணாகக்கூடாது என்று எதிர்வீட்டு கேட்டுக்கும் அடித்துவிட்டார். எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது தங்கள் வீடு எது என்று தெரியாமல் காரில் லோரோங்கை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள்.

இப்படி மூன்று நான்கு வாரம் ஓடும். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். பகல் என்ன, ராத்திரி என்ன, எழ மாட்டார். சோறு தட்டிலேயே காயும். அந்த நாட்களைப் பற்றி எனக்குச் சிரிக்க வராது, அதனால் அதிகம் சொல்லப் போவதில்லை.

இது அப்பாவோடு ஆரம்பித்த விஷயமும் இல்லை. அப்பாவின் அப்பா சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். விடிவதற்கு முன் பெரட்டு, அதாவது ஆளெண்ணும் வரிசை, நிற்கும். அதற்கு எல்லாரையும் எழுப்ப ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதை அடிக்கிற வேலை தாத்தாவுடையது. ஒரு வருடம் அவர் இரண்டு மணிக்கே எழுந்து, நேரம் ஆகிவிட்டது என்று அடித்து நொறுக்கிவிட்டார். மொத்த லயமும், வரிசை வீட்டுச் சனம் முழுக்க, அரைத் தூக்கத்தில் பெரட்டில் நின்றது. கங்காணியிடம் கடிகாரம் இருந்தது, ஆனால் அது சாவி கொடுக்காமல் நின்றுபோயிருந்தது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் மரம் வெட்டினார்கள், அதாவது பால் எடுக்கப் பட்டையைக் கீறினார்கள். குளிர்ந்த நேரத்தில் வெட்டியதால் அன்று பால் கூடுதலாக வடிந்ததாம். துரை தாத்தாவைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தாராம். இதை அப்பா சொல்லும்போது அவருக்கே சாமி வந்த மாதிரி இருக்கும்.

அடுத்து அத்தை, அப்பாவின் அக்கா. சுங்கை ரம்பாயில் இருந்தார். தூக்கம் குறையும் மாதங்களில் அவருக்கு இட்லி ஊற்ற வேண்டும். மூன்று மணிக்கே ஊற்ற ஆரம்பித்து, வாளி நிறைய எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மலாக்கா பஸ் நிலையத்தில் மாறும்போது டிரைவர், கண்டக்டர், டிக்கெட் கவுண்டர்க்காரர் எல்லாருக்கும் நான்கு நான்கு. அப்படியும் எங்களுக்கு அறுபது மிஞ்சும். அத்தையை ஒருமுறை மனநோய் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. எட்டு வாரத்தில் குணமாகித்தான் வந்தார். ஆனால் அப்பாவுக்கு, அக்காவை வார்டில் விட்டுவிட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே தனியாக நடந்து வந்ததுதான் ஞாபகத்தில் நின்றது. வார்டு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்புறம் நான், மகள். அப்பாவின் மூக்கு, அப்பாவின் காது மடல், அப்பாவின் கோபம். "அச்சு அசலா அப்பன உரிச்சு வச்சிருக்கு" என்று யாராவது கன்னத்தைக் கிள்ளினால் நான் தலையை இழுத்துக்கொள்வேன். மூக்கோடு வேறென்ன வந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுதான் பயம்.

அப்போது நான் ஃப்ரீ டிரேட் ஸோனில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஆப்பரேட்டர். காலை, மத்தியானம், இரவு என்று மூன்று ஷிப்ட், முறை போட்டு மாறும். லோரோங்கில் பாதிப் பேருக்கு இதே பிழைப்பு. பட்டப்பகலில் கதவில் அட்டை தொங்கும்: நைட் ஷிப்ட், தட்டாதீர்கள். தூக்கம் ஒழுங்காக உள்ள ஒரே ஆள் எங்கள் அம்மாதான். தலை தலையணையைத் தொடுவதற்கு முன்பே குறட்டை வந்துவிடும். ஒரு தடவை பக்கத்து வீட்டில் கேஸ் அடுப்பு தீப்பிடித்து, போம்பா வண்டி சைரன் அடித்துக்கொண்டு வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. அம்மா காலையில் எழுந்து, "ஏன் தரையெல்லாம் ஈரமா இருக்கு?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட இடத்தில் அப்பாவின் கெட்ட கடிகாரம் கொஞ்சநாள் மரியாதையோடுகூட இருந்தது. தூங்காத மாதங்களில் அவர் காலை ஷிப்ட் பெண்களை எழுப்பிவிடும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். எல்லாருடைய ஷிப்ட்டும் அவருக்கு மனப்பாடம். ஆனால் உற்சாகம் மீறினால் மத்தியான ஷிப்ட்காரிகளையும் எழுப்பிவிடுவார். "நேரம் இருக்குல்ல, பேசாம குளிச்சிட்டுப் படு" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம் இது அளவு மீறிப் போனது. இரண்டு மணி ஒன்றரையாகி, ஒன்றரை ஒன்றானது. பேச்சில் கோவில் கட்டும் திட்டம் வந்தது. கோவில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில். எங்களிடம் கார் இல்லைதான், இருந்தாலும் நான் அவரைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. அப்பாவை 'பக்சிக்' என்று மாமாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். அதிலேயே அப்பா பாதி விழுந்துவிட்டார். தாத்தாவின் தண்டவாளம், அத்தையின் இட்லி எல்லாவற்றையும் அந்த அம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டது எனக்கு ஆச்சரியம். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார். உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு, எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. அந்தக் கடிகாரம் எப்படி ஓட வேண்டும் என்பது பிறவியிலேயே வருகிறது, மூக்கு வருகிற மாதிரி. சில குடும்பங்களில், சில மாதம் பொங்கிச் சில மாதம் சாய்ந்துவிடுகிற இந்த மனநோயும் தலைமுறை தலைமுறையாக வருகிறது, கடிகாரமும் கூடவே தடுமாறுகிறது. இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கலாம் என்று இப்போதுதான் ஆராய்கிறார்கள், எது எதை இழுக்கிறது என்று யாருக்கும் இன்னும் தெரியாது.

"அதனால பக்சிக் என்ன பேசறார்னு பாக்காதீங்க, எப்ப தூங்கறார்னு பாருங்க" என்று என்னிடம் சொன்னார்.

மாத்திரை எழுதிக்கொடுத்து, அது ஒரு வகை உப்பு என்றும் விளக்கினார். அப்பா நம்பவில்லை. "உப்பா? உப்புக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தோம்? வீட்டுல பெரிய டப்பா இருக்கு லா!" சமையல் உப்பு இல்லை, ரத்தம் சோதித்துச் சோதித்து அளந்து கொடுக்கிற உப்பு என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில் டாக்டர் நிபந்தனையைச் சொன்னார். ஒரு மாதம் மாத்திரை, ஒரு மாதம் தூக்கக் கணக்கு. படுத்த நேரம், எழுந்த நேரம், கண்ணால் பார்த்து எழுத வேண்டும், அவரைக் கேட்டு எழுதக்கூடாது. தூக்கம் நீண்டால் வீட்டிலேயே இருக்கலாம். நீளாவிட்டால் வார்டு.

அப்பா எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்தார். நான் சூப்பர்வைசரிடம் கெஞ்சி அந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட் இல்லாமல் மாற்றிக்கொண்டேன். கணக்கு எழுத அம்மாவை நம்ப முடியுமா? ஹாலில் மெத்தையைப் போட்டு நான் படுத்தேன். அப்பா அறையிலிருந்து அடுப்படிக்குப் போக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சீனர் மளிகைக் கடையில் வருடப் பிறப்புக்கு ஒரு காலண்டர் கொடுப்பார்கள். கட்டம் பெரிதாக இருக்கும், குதிரைப் பந்தய நாட்களில் சின்னக் குதிரைப் படம் போட்டிருக்கும். எல்லார் வீட்டு அடுப்படியிலும் அதுதான் தொங்கும். அந்தக் கட்டங்களில் அப்பா எழுந்த நேரத்தைச் சிவப்புப் பேனாவால் எழுதினேன். ஃபேக்டரி பஞ்ச் கார்டு பழக்கத்தில் 0145, 0215, 0205 என்று நான்கு இலக்கமாக எழுதினேன். படுத்த நேரத்தைப் பென்சிலால் மூலையில் சின்னதாக.

நம் ஆட்களிடம் குதிரைக் காலண்டரில், சிவப்பு மையில், நான்கு இலக்கம் எழுதிக் காட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? கார் மோதினால் கார் நம்பரை எடுக்கிறவர்கள். மரத்தில் சாமி முகம் தெரிந்தால் பவுடர் தடவி நம்பர் தேடுகிறவர்கள். புத்தி பேதலித்தவர் வாயில் வருகிற நம்பர்தான் சுத்தமான நம்பர் என்று சத்தியம் செய்கிறவர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். ஃபேக்டரி கேன்டீனில் வேலை செய்பவர், நல்ல மனசு, வாய் மட்டும் நிற்காது. காலண்டரைப் பார்த்தார். உள்ளே அப்பா கோவில் கோபுரத்தின் உயரத்தைப் பற்றி அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டார். மறுபடி காலண்டரைப் பார்த்தார். கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை 0215-க்கு ஆறுதல் பரிசு விழுந்தது.

திங்கட்கிழமை காலையில் நான்கு பேருக்கு எங்கள் வீட்டில் கறிவேப்பிலை தேவைப்பட்டது. செவ்வாய்க்கிழமை ஒன்பது பேருக்கு. எங்கள் கறிவேப்பிலைச் செடி மொட்டையானது. பிறகு வெட்கம் விட்டுப்போய், வாழைப்பழச் சீப்போடு வர ஆரம்பித்தார்கள். "அண்ணே, நேத்து எத்தன மணிக்கு முழிச்சீங்க?" என்று பக்தியோடு கேட்டார்கள். ஒருவர் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வாழ்நாள் முழுக்க 'கொஞ்சம் ஒரு மாதிரி' என்று சொல்லக் கேட்ட மனிதர் அவர். இந்த மரியாதை அவர் தலைக்கு ஏறியதில் தப்பே இல்லை.

ஆனால் அவர் அதற்கு ஈடு கொடுக்க ஆரம்பித்ததுதான் வினையானது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது, மூன்று மணி வரை தூங்கினார். அது அவருக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. "0300 ஒரு நம்பரா? சனங்க எவ்ளோ ஆசையா காத்துக்கிட்டு இருக்காங்க" என்று, படுக்கும்போதே அலாரம் வைத்தார். 0217-க்கு ஓர் அலாரம். அது பிடிக்காமல் 0238-க்கு மாற்றினார். நான் அலாரத்தைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டேன்.

"ப்பா, டாக்டர் என்னா சொன்னாங்க? தூக்கம் நீளலன்னா எங்க போவணும்?"

"வார்டுக்கு."

"போறீங்களா?"

அவர் அரிசி டின்னைத் தள்ளி வைத்தார். எனக்குத் தாங்கவில்லை. வாசலில் வாழைப்பழத்தோடு நின்ற அக்காவிடம் கத்தினேன். "அவருக்கு உடம்பு சரியில்லக்கா. நம்பர் குடுக்கற சாமி இல்ல. நீங்க எடுக்கறது எங்கப்பாவோட தூக்கம், தெரியுமா?" அக்கா பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். சங்கடப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். மறுநாள், பழம் வைத்த நேரத்தையே நம்பராக எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதனால் வேறு வழி பார்த்தேன். காலண்டரில் தினமும் 0600 என்று எழுதினேன், யார் கேட்டாலும் அதையே சொல்ல வேண்டும் என்று அப்பாவிடமும் சொல்லிவைத்தேன். உண்மைக் கணக்கை ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதித் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டேன். நோட்டில் இடம் நிறைய இருந்ததால் விவரமாகவே எழுதினேன்.

0600 மூன்று நாள் தொடர்ந்தபோது லோரோங்கில் பரபரப்பு. சாமி ஒரே நம்பரை அழுத்திச் சொல்கிறது என்று பதினேழு வீடும் 0600 எடுத்தது. விழவில்லை. ஒரு வாரம் எடுத்தார்கள், விழவில்லை. பிறகு உண்மை அவர்களுக்கு உறைத்தது. மனிதர் குணமாகிவிட்டார்! சாவு வீட்டுக்கு வருவதுபோல் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்தார்கள்.

"நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு இப்படி ஆயிருச்சே" என்றார் ஒரு பெரியவர்.

மாதம் முடிந்து கிளினிக் போன அன்று அம்மாவும் வந்தார். நான் நோட்டைப் பையிலிருந்து எடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, நாலாக மடித்த காலண்டர் தாளை டாக்டரிடம் நீட்டினார். இரண்டு கணக்கு ஓடுவது அம்மாவுக்குத் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்திருப்பார். டாக்டர் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். பதினைந்து நாளாக நிமிடம் பிசகாமல் ஆறு மணி! இவ்வளவு நன்றாகத் தூங்குகிறவருக்கு மாத்திரையைக் குறைக்கலாமே என்று பேனாவை எடுத்தார்.

"வேணாம் டாக்டர்! அது பொய்" என்றேன். பதினேழு வீடு, கறிவேப்பிலை, அரிசி டின்னுக்குள் அலாரம் எல்லாவற்றையும் மலாயில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. நர்ஸ் அறையை விட்டு வெளியே ஓடினார், சிரிக்கத்தான். டாக்டர் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டை வாங்கினார்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தார். நான் மறு கையால், அப்பா எழுந்த நேரங்களைத் தொட்டுக் காட்டினேன். மூன்று மணி, மூன்றேகால், மூன்றே முக்கால், நாலு, நாலரை. கடைசி நான்கு நாள் ஐந்து மணி. டாக்டர் நிமிர்ந்தார். "பக்சிக், தூக்கம் நீண்டிருக்கு. வார்டு வேண்டாம். இதே மாத்திரை, இதே அளவு."

அப்பா என் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். அம்மா அங்கேயே பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் டாக்டர் நோட்டை மூடவில்லை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இத எழுதினது நீங்கதானே? இங்க என்ன எழுதியிருக்கு?"

தமிழில் எழுதியிருந்ததை அவருக்கு மலாயில் வாசித்துக் காட்டினேன். "0110, தூங்குகிறார். 0155, தூங்குகிறார். 0240, புரண்டார். 0325, குறட்டை. 0410, தூங்குகிறார். 0500, எழுந்தார்."

"முந்தின நாள்?"

"0050, தூங்குகிறார். 0130, தூங்குகிறார்…" என்று வாசித்துக்கொண்டே போன நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"பக்சிக் தூங்கியிருக்கார், சரி. நீங்க?"

ஷிப்ட் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மாதம் எனக்கு நைட் ஷிப்ட்டே இல்லை. பகலிலாவது களைப்பாக இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் என் காதிலேயே விழுந்தது. டாக்டர் மெதுவாகப் பேசினார். இதை நோய் என்று தான் சொல்லவில்லை, அப்பாவைப் பற்றிய கவலையாகக்கூட இருக்கலாம், ஆனால் இந்த நோட்டில் இரண்டு பேருடைய தூக்கம் இருக்கிறது என்றார். இனிமேல் எனக்கு நைட் ஷிப்ட் போடக்கூடாது என்று ஃபேக்டரிக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். அடுத்த முறை வரும்போது என் கணக்கையும் கொண்டு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அம்மா உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். பஸ் விமான நிலையத்தைத் தாண்டியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மூக்கக் குடுத்தேன், காதக் குடுத்தேன். அதோட நிறுத்தியிருக்கக் கூடாதா பாப்பா நானு?"

"கோவத்தையும் குடுத்தீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க முயன்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அடுப்படிக்குப் போனால், காலண்டரில் புதிதாக எழுதியிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்த அப்பாவின் கோணல் கையெழுத்து. 'பாப்பா 0425.' நான் விழித்துக்கொண்ட நேரம் அது. கண்ணை மூடிக்கொண்டுதான் படுத்திருந்தேன், எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். என்னைப் பார்ப்பதற்காக அவர் எப்போது எழுந்தார் என்று எழுதவில்லை.

எனக்கு முன்பே பக்கத்து வீட்டு அக்கா அங்கே நின்றார். கையில் சும்மா ஒரு கிண்ணம். "அண்ணே! மறுபடியும் வந்துருச்சா!"

அப்பா காலண்டருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "இதுல கை வைக்காத தங்கச்சி. என்னுத எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க. இது என் புள்ளயோடது."

அக்கா கேட்பாரா? எடுத்தார். லோரோங்கே எடுத்தது. சனிக்கிழமை விழவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் விழவில்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு எதிலும் அந்த நம்பர் இல்லை என்று அப்பா பேப்பரில் விரல் வைத்து மூன்று தடவை பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு பை நிறைய வடை வாங்கி வந்தார். இருபத்திரண்டு வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். நம்பர் விழாததற்கு வடை கொடுத்த மனிதரை எங்கள் லோரோங் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. மறுபடி முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசி வடையை என் கையில் வைத்தார்.

"பாத்தியா பாப்பா? எனக்கு விழுந்துச்சு, உனக்கு விழல. உன்னோடது வெறும் நம்பருதான்."

அதில் அறிவியல் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொன்னால் இந்த முறை அவரே அறையை விட்டு ஓடுவார். ஆனாலும் வடையைத் தின்றேன். அன்றைக்குக் காலண்டரையும் நோட்டையும் பேனாவையும் அரிசி டின்னுக்குள் அலாரத்தோடு போட்டு மூடிவிட்டுப் படுத்தேன். எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று தெரியாது. யாரும் எழுதவில்லை.